காத்துல தோடி புடிக்கப் போன கதை

போன மே மாசம் ஒரு பத்து நாள் எனக்குப் பைத்தியம் புடிக்காத குறைதான். தெரமின்ங்கற வாத்தியத்து முன்னாடி நின்னு ஒரே ஒரு சட்ஜத்த, அதான் 'ஸ'வப் புடிச்சு அப்படியே நிப்பேன், கையி அசையாது, உடம்பு அசையாது, மூச்சக் கூட அடக்கிக்கிட்டுதான் நிப்பேன், ஆனாலும் சுருதி மெதுவா மேல ஏறும், அப்புறம் மெதுவா இறங்கும், திரும்ப ஏறும். லேப்டாப்ல ட்யூனரப் போட்டுப் பாத்தா கணக்கா ஒரே இடைவெளியில ஆடுது. கைநடுக்கமா இருந்தா இப்படி ஒழுங்கா ஆடாதேன்னு யோசிச்சிட்டு இருக்கும்போதுதான் மூலையில நிக்க ஸ்டாண்ட் ஃபேனப் பாத்தேன். கம்பிக்கூண்டு இந்தப் பக்கம் திரும்புனா சுருதி ஏறுது, அந்தப் பக்கம் திரும்புனா இறங்குது. ஃபேனோட தலையாட்டத்த நிறுத்துனேன், சட்ஜம் நின்னுட்டு. திருநெல்வேலிப் பக்கம் எங்க வீரவநல்லூர் மே மாச வெயில்ல ஃபேன் ஒரே பக்கம் பாத்து நின்னா எப்படி இருக்கும்னு இந்தப் பக்கத்து ஆளுகளுக்குத் தெரியும். ஆனாலும் அன்னைக்கு எனக்கு அம்புட்டு சந்தோஷம்.

தெரமின் தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. தொடாமலே வாசிக்கிற வாத்தியம் அது. ரஷ்யாக்காரர் லெவ் தெரமின் 1920 வாக்குல செஞ்சது, 1928-ல அமெரிக்காவுல பேடண்ட் வாங்குனாரு. வலது பக்கம் நட்டுக்க நிக்க ஒரு கம்பி, இடது பக்கம் படுத்தாப்ல ஒரு வளையம். கம்பிகிட்ட கை போகப் போக சுருதி ஏறும், வளையத்துகிட்ட கையக் கொண்டு போனா சத்தம் குறையும். உள்ள ரெண்டு ஆசிலேட்டர் இருக்கும், ரெண்டுமே நம்ம காதுக்குக் கேக்காத ரேடியோ அலைவரிசையில ஓடும். ஒண்ணு மாறாது, இன்னொண்ணு நம்ம கையோட கெப்பாசிட்டன்ஸால (மின்னூட்டத்தச் சேத்து வைக்கிற தன்மையால) கொஞ்சம் மாறும். ஒண்ணு 3,00,000 ஹெர்ட்ஸ், இன்னொண்ணு 2,99,560 ஹெர்ட்ஸ்னு வச்சிக்கோங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 440, அதுதான் சத்தமா நம்ம காதுல விழும். அதாவது நம்ம உடம்பே அந்த சர்க்யூட்டுக்குள்ள ஒரு பாகம். அதனாலதான் நம்ம கையி மட்டுமில்ல, பக்கத்துல உள்ள ஃபேன், இரும்புக் கட்டில், பீரோ எல்லாமே அதுக்குக் கணக்கு.

என்கிட்ட இருக்கது மூக் கம்பெனியோட தெரமினி. 2014-ல வந்த மாடல், சென்னையில ஒரு ஃப்ரெண்டுகிட்ட இருந்து செகண்ட்ஹேண்டா வாங்குனேன். இதுல சத்தம் டிஜிட்டல் சிந்தசைசர்ல இருந்து வரும், யுஎஸ்பி வழியா லேப்டாப்புல போட்டா கை அசைவு மிடியாவும் (சத்தமா இல்லாம வெறும் எண்ணா அனுப்புற முறை) போகும். நான் ரெக்கார்ட் பண்ணி மியூசிக் பண்றது ரீப்பர்ல. சின்ன சாஃப்ட்வேர், என்னோட பழைய லேப்டாப்புலயும் திணறாம ஓடும், அதுக்காகத்தான்.

இத நான் வாங்குனதே எங்க மாமாவாலதான். அவரு நாதஸ்வரம் வாசிக்காரு, இந்தச் சுத்துவட்டாரத்துல கோயில் கொடை, கல்யாணம்னா கூப்பிடுவாங்க. சின்ன வயசுல இருந்து அவரு பக்கத்துல உக்காந்து கேட்டுக் கேட்டு வளந்தவன் நான், ஆனா சீவாளிய (நாதஸ்வரத்தோட நாணல் ஊதுவாய) வாயில வச்சா எனக்கு மூச்சு பத்தாது, ஒரு தடவ கூட உருப்படியா ஊதுனதில்ல. எங்க ஊருக்கு அடுத்த ஸ்டேஷன்தான் காருகுறிச்சி. காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) பொறந்த ஊரு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைகிட்ட பாடம் கேட்டவரு. மாமாவுக்கு அருணாசலம்தான் சாமி. அவரோட தோடி ராக ஆலாபனை ரெக்கார்டு ஓடுனா வீட்டுல யாரும் பேசக்கூடாது. நாதஸ்வரத்துல துளைய முழுசா மூடாம, பாதி மூடி, உதட்டாலயும் மூச்சாலயும் சீவாளிய அழுத்தி சுருதிய வழுக்க விடுவாங்க, ஒரு சுவரத்துல இருந்து அடுத்த சுவரத்துக்கு நடுவுல எங்கயும் வெட்டு இருக்காது. தெரமின முதல்முதல்ல ஒரு வீடியோவுல பாத்தப்போ எனக்கு உடனே தோணுனது இதுதான், மூச்சே இல்லாம அந்த வழுக்கல் வருதே, நமக்கு ஒரு வழி இருக்குலான்னு.

வாங்கி ஒரு மாசத்துல பெருசா ஒண்ணு பண்ணிட்டேன்னு நெனச்சேன். தெரமினியில ஒரு குமிழ் இருக்கு. இடது பக்கம் திருப்புனா கை போன இடத்துக்கு சுருதி போகும். வலது பக்கம் திருப்பத் திருப்ப நாம குடுத்த ஸ்கேல்ல உள்ள சுவரத்துல கொண்டுபோய் ஒட்டிரும். அபசுவரமே வராது. அதுபோதாதுன்னு ரீப்பர்ல ரீட்யூன்னு சுருதி திருத்துற ஒரு பிளகின் (கூடச் சேத்துக்கிற சின்ன சாஃப்ட்வேர்) இருக்கு, அதுல தோடியோட ஏழு சுவரத்த மட்டும் டிக் பண்ணி கரெக்ஷன் ஆன் பண்ணேன். கேக்கதுக்கு சுத்தமா இருந்துச்சு. மாமாவக் கூப்பிட்டு ஹெட்ஃபோன மாட்டி விட்டேன். கண்ண மூடி ஒரு நிமிஷம் போலக் கேட்டாரு.

"சுவரம் எல்லாம் நிக்குடே. தோடி எங்க?"

அம்புட்டுதான் சொன்னாரு. காபி குடிச்சிட்டுப் போயிட்டாரு.

அவரு சொன்னது எனக்குப் புரிய ரெண்டு வாரம் ஆச்சு. தோடியில காந்தாரம்னு ஒரு இடத்துல போயி நிக்க முடியாது, அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல அசைஞ்சுகிட்டே இருக்கதுதான் காந்தாரம். அந்த அசைவுதான் தோடி. சாஃப்ட்வேருக்கு அது தெரியாது, அதுக்கு அந்த அசைவு ஒரு தப்பு, உடனே திருத்திரும். ரி, க, ம, க, ரின்னு ஆர்மோனியத்துல கட்டைய அமுக்குன மாதிரி படிக்கட்டா ஆகிரும். இது புதுச் சண்டையும் இல்ல. ஆல் இந்தியா ரேடியோ 1940-ல ஆர்மோனியத்துக்குத் தடை போட்டுச்சு, 1971 வரைக்கும் அந்தத் தடை இருந்துச்சு, கமகம், அதாவது இந்த அசைவு, வராத வாத்தியம்ங்கதும் அதுக்குச் சொன்ன காரணத்துல ஒண்ணு. எனக்கு ஆர்மோனியம் ரொம்பப் புடிக்கும், அந்தத் தடை சரின்னு நான் சொல்லல. ஆனா படிக்கட்டே இல்லாத வாத்தியத்த வாங்கி, நானே ஒக்காந்து அதுக்குப் படிக்கட்டு கட்டியிருக்கேன், அத நெனச்சாத்தான் இன்னும் வருத்தமா இருக்கு.

சரி, கரெக்ஷன ஆஃப் பண்ணிட்டு மிடி வழியா சுருதிய அனுப்பி, ரீப்பர்ல உள்ள ஒரு சாஃப்ட்வேர் சிந்தசைசர (சிந்த்) வாசிக்க வைக்கலாம்னு அடுத்து முயற்சி பண்ணேன். அங்கயும் அதே படிக்கட்டு, இந்தத் தடவ காரணம் வேற. மிடி 1983-ல வந்தது, கீபோர்ட மனசுல வச்சு செஞ்சது. சாதாரண கண்ட்ரோல் மெசேஜ்ல 0-ல இருந்து 127 வரைக்கும் 128 படிதான். அஞ்சு ஆக்டேவ்னா (ஸ்தாயி) 60 அரைச்சுவரம். 128 படிய அதுல பிரிச்சா ஒரு அரைச்சுவரத்துக்கு ரெண்டு படி கிடைக்கும், அதாவது ஒரு படிக்கு ஏறத்தாழ அம்பது சென்ட் (ஒரு அரைச்சுவரம்னா நூறு சென்ட்). நம்ம காது அஞ்சாறு சென்ட் விலகுனாலே முகத்தச் சுளிக்கும், அம்பது சென்ட் படியில கமகம் எங்க இருந்து வரும்? சுருதிய வளைக்கதுக்குன்னே உள்ள பிட்ச் பெண்ட் மெசேஜ்னா கதை வேற, அதுல 16,384 படி இருக்கு, தாராளம். ஆனா அனுப்புற பக்கமும் வாங்குற பக்கமும் ஒரே ரேஞ்சு வச்சிருக்கணும். நெறைய சிந்த்துல அது ரெண்டு அரைச்சுவரம்னுதான் இருக்கும், இந்தப் பக்கம் 24-ன்னு வச்சிட்டு அந்தப் பக்கம் மாத்த மறந்தா கைய ஒரு ஆக்டேவ் இழுத்தாலும் அங்க ஒரே ஒரு அரைச்சுவரம்தான் நகரும். இதுல ஒரு முழு ராத்திரி போச்சு எனக்கு.

இப்ப நான் பண்ற விதம் ரொம்ப சிம்பிள். வலது கையி ஆடியோவாப் போகும், இடது கையி மிடியாவும் போகும். அதாவது சுருதிய மிடியா மாத்துறதே இல்ல. தெரமினியோட ஆடியோ அவுட்ட இன்டர்ஃபேஸ்ல (சத்தத்த லேப்டாப்புக்குள்ள கொண்டுபோற பெட்டி) குடுத்து அப்படியே ரெக்கார்ட் பண்ணுதேன், எல்லா வழுக்கலோடயும் பிழையோடயும். இடது கையோட அசைவ மட்டும் தனி ட்ராக்ல மிடியா எடுத்து, அத ஒரு லோ பாஸ் ஃபில்டரோட (கூர்மையான மேல் சத்தத்த வடிகட்டுறது) கட்ஆஃபுக்கு, அதாவது அது வெட்டுற இடத்துக்குக் கோத்து விட்ருக்கேன். சத்தம் குறையும்போது ஃபில்டரும் கொஞ்சம் மூடும், குரல் உள்ள போன மாதிரி இருக்கும். நாதஸ்வரத்துல மெல்ல ஊதுனா சத்தம் மட்டும் குறையறதில்ல, அந்தக் கூர்மையும் சேந்து குறையும், அதத்தான் கொண்டுவரப் பாக்கேன். 128 படி இதுக்குப் போதும், ஃபில்டர்ல அந்தப் படி காதுக்குத் தெரியாது. ரொம்பத் தெரிஞ்சா பிளகின்ல ஸ்மூத்திங் இருந்தா கொஞ்சம் கூட்டிக்கலாம்.

இன்னொண்ணு, ரெக்கார்ட் பண்ணும்போது லேப்டாப் வழியா வர்ற சத்தத்தக் கேட்டு வாசிக்காதீங்க. இது எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது. செகண்டுக்கு 48,000 சாம்பிள் ரேட்ல, 256 சாம்பிளச் சேத்துச் சேத்து அனுப்புற மாதிரி பஃபர் வச்சா ஒரு பக்கத்துக்கு மட்டும் அஞ்சு மில்லிசெகண்டுக்கு மேல தாமதம், உள்ள போயி வெளிய வரணும், நடுவுல பிளகின் வேற. கீபோர்டுல அது பெருசாத் தெரியாது, ஏன்னா கட்டைய அமுக்கும்போதே சுவரம் முடிவாயிரும். தெரமின்ல நாம காதால கேட்டுக் கேட்டு கையத் திருத்திக்கிட்டே இருக்கோம், கேக்கதே பழசுன்னா திருத்தம் தாண்டிப் போயிரும், அதத் திருத்தப் போயி இந்தப் பக்கம் தாண்டும். நேரடியா வாத்தியத்தோட ஹெட்ஃபோன்ல இருந்து கேட்டு வாசிங்க, ரிவெர்ப் (எதிரொலி) எல்லாம் அப்புறம் போட்டுக்கலாம். அதோட ஒரு தம்புரா சுருதி கண்டிப்பா ஓடணும். நான் மாமாவோட நாதஸ்வரத்துக்கு ஏத்தாப்ல 2 கட்டையில வச்சிருக்கேன், கீபோர்டுக் கணக்குல டி. காத்துல புடிச்சுக்க ஒரு கம்பியும் இல்ல, ஒரு துளையும் இல்ல, சட்ஜம் காதுல இருந்தாத்தான் கைக்குத் திசை தெரியும்.

இதுக்கெல்லாம் முன்னாடி எங்க வீட்டு எர்த்துப் பிரச்சினையச் சொல்லணும், எனக்கு அதிகமா நேரம் தின்னது அதுதான். லேப்டாப் சார்ஜரப் புடுங்குனா சுருதி மாறும், திரும்ப மாட்டுனா வேற எங்கயோ நிக்கும், இன்டர்ஃபேஸ் மேல கை பட்டா மொத்த ஃபீல்டும் சுருங்கும். காலையில கேலிபரேட் பண்ணி வச்சா சாயங்காலம் ஸ்தாயி கம்பிகிட்ட நெருக்கி அடிச்சிட்டு நிக்கும். தெரமினுக்கு ஒழுங்கான தரைத் தொடர்பு வேணும், ஒரு பக்கம் நம்ம கையி, இன்னொரு பக்கம் பூமி, ரெண்டுக்கும் நடுவுலதான் அது அளக்கும். எங்க வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு. மூணு பின் சாக்கெட்டு இருக்கு, நான் அத நம்பிட்டேன். தெருவுல உள்ள எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி வந்து சாக்கெட்டக் கழட்டிப் பாத்துட்டு, "எர்த்து ஒயரே வரலல்லா தம்பி, மேல உள்ள ஓட்டை சும்மா ஓட்டைதான்" அப்படின்னாரு. பின்கட்டுல பழைய எர்த்துக் குழி இருக்கது அம்மைக்குத்தான் ஞாபகம் இருந்துச்சு, தண்ணி ஊத்தி எத்தனை வருஷமோ. அண்ணாச்சி குழியத் தோண்டி, புதுசா உப்பும் கரியும் போட்டு, ஒயர் இழுத்துக் குடுத்தாரு. இப்ப வெயில் காலத்துல தினமும் ஒரு குடம் தண்ணி ஊத்துதேன், அம்மை முருங்கைக்கு ஊத்துறப்ப அதுக்கும் சேத்து ஊத்திருவா. சுருதி நிக்கு. இது வாத்தியத்துக்காக மட்டும் சொல்லல, எர்த்து இல்லாத வீட்டுல கம்ப்யூட்டரோ கிரைண்டரோ ஓட்டுறது ஆபத்து, தயவுசெஞ்சு ஒரு தடவ ஆள வச்சு பாத்துக்கோங்க.

கையப் பத்தி கொஞ்சம். கிளாரா ராக்மோர்னு ஒரு அம்மா (1911–1998), சின்ன வயசுல வயலின் வாசிச்சவங்க, கையில வந்த பிரச்சினையால வயலின விட்டுட்டு தெரமினுக்கு வந்தாங்க. மொத்தக் கையையும் ஆட்டாம, முழங்கைய ஒரு இடத்துல நிறுத்தி, விரல மடக்கி விரிச்சே சுவரம் புடிக்கிற முறைய அவங்கதான் உண்டாக்குனாங்க. அத நான் தோடிக்கு எடுத்துக்கிட்டேன். விரல் மடங்கி இருந்தா ரிஷபம், கொஞ்சம் விரிச்சா மத்யமம், நடுவுல மணிக்கட்டு அசைஞ்சா காந்தாரம். ஜாரு (வழுக்கல்) எல்லாம் இதுல தானா வரும், ஆனா சுவரத்தப் பிரிச்சுப் பிரிச்சு வெட்டி வாசிக்கிறது கஷ்டம், ஒவ்வொரு வெட்டுக்கும் இடது கை கீழ இறங்கி ஏறணும். அதனால நான் ஸ்வரம், கீர்த்தனைன்னு போகாம ஆலாபனையோட நிக்கேன். இப்போதைக்கு அதுவே பெருசு.

ஃபைல் இப்ப மூணே கால் நிமிஷம் இருக்கு. கீழ தம்புரா, பத்து வருஷம் முன்னாடி எங்க கோயில் கொடையில நான் போன்ல புடிச்சு வச்சிருந்த வில்லுப்பாட்டுக் குடத்தோட சத்தத்துல ஒரே ஒரு அடி, அத மெதுவாக்கி எட்டு ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுத்துக்கு) ஒரு தடவ விட்ருக்கேன், மேல தெரமின். ரெக்கார்டிங் எல்லாம் ராத்திரிதான், செங்கோட்டைக்குப் போற ரயில் போன பெறகு.

போன வாரம் மாமா வந்தாரு. இந்தத் தடவ ஹெட்ஃபோன நான் குடுக்கல, அவரே எடுத்து மாட்டிக்கிட்டாரு. முழுசாக் கேட்டுட்டு, "ஒண்ணாவது நிமிஷத்துல அந்த காந்தாரம் இருக்குல்லா, அது சரி. மத்ததெல்லாம் நீ அவசரப்பட்டுட்ட" அப்படின்னாரு. அப்புறம் எழுந்து தெரமின் முன்னாடி போயி நின்னு, ஊதுறப்ப விரல் நிக்குற மாதிரியே வலது கைய மடக்கி வச்சிக்கிட்டு, "ரெக்கார்ட் அமுக்குடே"ன்னாரு. நாப்பது செகண்ட் எடுத்தேன். சட்ஜம் அவருக்குப் புடிபடவே இல்ல, ஒவ்வொரு தடவையும் தேடித்தான் வர்றாரு, ஆனா தேடி வர்ற வழியில எல்லாம் தோடி இருக்கு. அந்த நாப்பது செகண்ட அப்படியே என்னோட ட்ராக்குக்குக் கீழ போட்டு வச்சு, தினமும் ரெண்டையும் மாத்தி மாத்தி ம்யூட் பண்ணிக் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒண்ணாவது நிமிஷத்துக்கு அப்புறம் உள்ளத எல்லாம் திரும்ப வாசிக்கணும்.