தைராய்டு மாத்திரையைத் தாமாகவே தொடங்குபவர்களுக்கு

சோர்வு, எடை கூடுதல், முடி உதிர்தல் என்றதும் பலர் இரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் ‘தைராய்டு சப்போர்ட்’ மாத்திரைகளை வாங்கி விழுங்குகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே அச்சமூட்டுகிறது.

இவற்றுள் சிலவற்றில், லேபிளில் சொல்லப்படாத தைராய்டு ஹார்மோனே கலந்திருந்ததை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தேவையில்லாத உடலுக்குள் அது போனால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் கெடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் இதயத்துடிப்பு சீர்குலையலாம், எலும்பும் தேயலாம். முதியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அயோடின் நிறைந்த கடற்பாசி மாத்திரையும் சாதுவானதல்ல. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம்தான். அது பன்மடங்கு மிஞ்சினால் தைராய்டு சுரப்பி மந்தமாகலாம். சிலருக்கு நேர்மாறாக அளவுக்கு மீறிச் சுரக்கவும் தொடங்கலாம்.

முடிக்காக எடுக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் வேறு வகைச் சிக்கல். அது சுரப்பியைத் தொடாமலே பரிசோதனை முடிவைத் திரித்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள்களாவது முன்பே அதை நிறுத்தச் சொல்கிறார்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தப் புட்டியோடு மருத்துவரைப் பாருங்கள். மருத்துவர் எழுதித்தந்த தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.