அறுபது நொடி

திரையில் என் அத்தை மகன் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தான். அத்தை முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

2005இல் ஆஸ்திரேலியாவில் படித்தபோது விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதித்தது. வீட்டில் மூச்சுகூட விடவில்லை. இன்று பரண் சுத்தம் செய்யும்போது அந்த மினி-டிவி (MiniDV) வீடியோ கேசட் கிடைத்தது.

போட்டுப் பார்க்க என் பழைய கேம்கார்டரும், அதை இணைக்கும் ஃபயர்வயர் போர்ட் உள்ள அந்தக் காலத்து கம்ப்யூட்டரும் வேண்டியிருந்தது. எங்கள் மண்டபம் ஊரின் உப்புக்காற்று கம்ப்யூட்டரின் பின்பக்கத்தையே தின்றிருந்தது. எப்படியோ உயிர் வந்துவிட்டது.

கூடவே குதித்த கேமராக்காரர் ஹெல்மெட்டில் கேமராவை மாட்டிக்கொண்டு எடுத்த படம். 14,000 அடி. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், கொடியில் காயும் வேட்டி மாதிரி அவன் கன்னம் படபடக்கிறது.

இந்த டேப்பில் ஒரு சங்கதி உண்டு. அவசரப்படுத்த முடியாது. ஒரு மணி நேரப் பதிவு கம்ப்யூட்டரில் ஏற ஒரு மணி நேரம் ஆகும், 13 ஜிபி இடமும் பிடிக்கும். (அன்று என் ஹார்ட் டிஸ்க்கே 40 ஜிபிதான்!) அவன் அறுபது நொடி விழுந்தான் என்றால், இருபது வருஷம் கழித்து நாங்களும் முழுசாக அறுபது நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

பாராசூட் விரிந்தது. அப்புறம்தான் அத்தை வாய் திறந்தார்.

"திரும்பப் போடுப்பா. காதுல கடுக்கன் மாதிரி என்னமோ மின்னுச்சு."