தரங்கம்பாடி வழியாக வேளாங்கண்ணிக்கு

அக்கா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறியது ஜூன் மாதம். காரணம் நான்தான். யாரோ ஒரு ஊழியக்காரர் மாதா வணக்கத்தைக் கேலி செய்து பேசிய வீடியோவை முழுதாகக்கூடப் பார்க்காமல், காலைக் காபி குடித்துக்கொண்டே குழுவில் தள்ளிவிட்டிருந்தேன். அக்கா கத்தோலிக்க வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். முப்பத்தைந்து வருஷமாக நாகப்பட்டினத்தில் தினமும் ஜெபமாலை சொல்கிறவள். அவள் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை எழுதவில்லை. பெயர் மட்டும் குழுவிலிருந்து போய்விட்டது.

ஆகஸ்ட் கடைசியில் அவளே போன் செய்தாள். "வேளாங்கண்ணில கொடி ஏத்திட்டாங்கடா. எனக்கு முட்டி வலி, தனியாப் போக முடியாது. அத்தான் கடையை விட்டுட்டு வரமாட்டார். நீ வர்றியா?" வீடியோவைப் பற்றிப் பேச்சே இல்லை. சரி என்றேன். அப்புறம் ஒரு நிபந்தனையும் போட்டேன்: சனிக்கிழமையே பொறையாருக்கு வந்துவிடு, ஞாயிறு காலை தரங்கம்பாடியில் நம்ம கோயில் ஆராதனையை முடித்துக்கொண்டு போவோம். "நம்ம கோயிலா?" என்று சிரித்தாள். ஆனால் வந்தாள்.

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் டேனிஷ் கோட்டையையும் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். எனக்கு அந்த ராஜ வீதிதான் ஊர். ஒரே தெருவில் இரண்டு கோயில்கள். சீயோன் ஆலயம் 1701-இல் டேனிஷ்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழ்ச் சபைக்காகக் கட்டியது. 1706-இல் கரையிறங்கிய மனிதர், 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்துவிட்டார். கோயில் கட்டி முடித்த மறு வருஷமே இறந்தும் போனார். பீடத்துக்கு முன்னால்தான் புதைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அந்தக் கல்லை மிதித்துவிடக் கூடாது என்று நானும் அக்காவும் ஓரமாகவே நடப்போம். அன்றைக்கும் அவள் ஓரமாகத்தான் நடந்தாள்.

1845-இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரை ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போன பிறகு சீயோன் ஆலயம் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) கைக்குப் போனது. இன்று அது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில். எருசலேம் ஆலயம் எங்கள் லுத்தரன் சபையுடையது, மார்ட்டின் லூத்தர் வழியில் கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சபை. இதில் எனக்கு எப்போதும் உறுத்துகிற ஒரு விஷயம் உண்டு. 1919 மே மாதம், வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த 33 பேர் இதே தரங்கம்பாடியில் கூடினார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். முன்னின்றவர்களில் ஒருவர் அசரியா, ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர், திருநெல்வேலிச் சீமைக்காரர். நம்மைப் பலவீனமாக்கும் இந்தப் பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டவை, இவற்றை நீடிக்கவிட நமக்கு விருப்பமில்லை என்று அறிக்கை விட்டார்கள். அந்த விதைதான் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக முளைத்தது. அதைப் பார்க்க அசரியா இல்லை, 1945-லேயே காலமாகிவிட்டார். தரங்கம்பாடி லுத்தரன் சபையோ அதில் சேரவே இல்லை.

"கூட்டம் நடந்த ஊர்க்காரங்களே சேரலையா?" என்றாள் அக்கா.

"சேரல."

"ஏன்?"

உபதேசக் காரணங்கள் என்று ஆரம்பித்தேன். நற்கருணையை (அப்பமும் ரசமும் வாங்குவதை) பற்றிய புரிதல், பேராயர் பதவி, பல வருஷப் பேச்சுவார்த்தை. அவள் கொட்டாவி விட்டாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆராதனையில் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்று வந்தது. அக்கா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நான்கு சரணமும் மனப்பாடம், அதுவும் எங்கள் அம்மா இழுக்கிற இழுப்போடு. (இந்த டெல்டாவில் இரண்டு வேதநாயகங்கள். தஞ்சாவூர் சாஸ்திரியார் எங்கள் ஆள், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர்களின் ஆள். சின்ன வயதில் இதை வைத்தே நாங்கள் வீட்டில் போட்டி போடுவோம்.) சாஸ்திரியாரைப் பாடும்போதெல்லாம் இன்னொன்றும் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. கோயிலுக்குள் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்வதை மிஷனரிகள் நிறுத்தச் சொன்னபோது, கூடாது என்று வாதாடி எழுதியவர் அவர். பாட்டு தேன். வாதம் கசப்பு. இரண்டும் ஒரே பேனாதான்.

அன்று நற்கருணை ஞாயிறு. பெஞ்சு பெஞ்சாக எழுந்து முன்னால் போனார்கள். நானும் எழுந்தேன். அக்கா எழுந்திருக்கவில்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, எனக்கு வழி விடுவதற்காக முழங்காலை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள். அவள் சபை ஒழுங்கின்படி எங்கள் பந்தியில் அவள் வாங்கக் கூடாது. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது இந்தக் கோயில். திடப்படுத்தல் இங்கேதான். முதல் நற்கருணை வாங்கியதும் இதே பீடத்தில், கல்லறைக்கு ரெண்டடி தள்ளி. நான் மண்டியிட்டு அப்பத்தை வாங்கும்போது அவள் திருப்பிய அந்த முழங்கால்தான் கண்ணில் நின்றது. வீட்டில் முந்தின இரவு இரண்டு பேரும் ஒரே தட்டில் மீன் குழம்பு சாப்பிட்டிருந்தோம்.

வேறு சபையோடு சேராதது இருக்கட்டும். ஒரே சபைக்குள் நாங்கள் இருக்கும் லட்சணம் தெரியாதா? நான் முன்பு வேலை பார்த்த ஊரில் கமிட்டித் தேர்தலில் தகராறு வந்து, இரண்டு கோஷ்டியும் வழக்குப் போட்டு, கோயில் பூட்டப்பட்டது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனை தெருவில் நடந்தது. இரண்டு பெஞ்சு காவலர்களுக்கு. நானும் ஒரு கோஷ்டியில் கையெழுத்துப் போட்டவன்தான், வெளியே நின்று கல்லெறிய எனக்கு யோக்கியதை இல்லை.

பதினொரு மணிக்குப் பேருந்து ஏறினோம். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்கக் காவி. வேட்டியும் புடவையும் காவி, தோளில் பை, பாதி பேர் காலில் செருப்பில்லை. தள்ளுவண்டியில் சீரியல் விளக்குப் போட்ட மாதா சொரூபம், அதிலிருந்து ஸ்பீக்கரில் பாட்டு. "மரியே வாழ்க" என்று வெயிலில் வதங்கிய குரல்கள். காரைக்காலுக்கு முன்னால் ஒரு முஸ்லிம் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் டிரம்மில் நீர்மோர் வைத்திருந்தார்கள். நடந்து வந்த ஒரு பெண் ஒரு டம்ளரைக் குடித்துவிட்டு இன்னொன்றைக் காலில் ஊற்றிக்கொண்டாள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

லுத்தரன் வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்தக் காவி இன்னமும் கொஞ்சம் நெருடல்தான். சண்டையும் புதிதல்ல. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஏலாக்குறிச்சியில் இருந்த கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவருக்கும் தரங்கம்பாடிக்காரர்களுக்கும் ஆகவே ஆகாது. பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று எங்களைச் சாடியே அவர் எழுதினார். எங்கள் ஆட்களும் அச்சகத்தைச் சும்மா வைத்திருக்கவில்லை. தமிழ் உரைநடை வளர்ந்ததில் இந்த வசவுக்கும் பங்கு உண்டு என்று ஒரு தமிழாசிரியர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் காலத்து வசவுக்கு அந்தப் பெருமையும் கிடையாது. முப்பது வினாடி வீடியோ, கீழே சிரிக்கிற பொம்மை.

நாகூர் மினாரா தெரிந்ததும் அக்கா பையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டினாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். முறுக்கை வாங்கிக் கடித்தேன்.

வேளாங்கண்ணிக் கூட்டத்தைப் பற்றிப் போய் வந்த எல்லாரும் எழுதியாயிற்று. நான் அந்த உருவக் கடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பளபளக்கிற மெல்லிய தகட்டில் அச்சடித்த கண், காது, கை, கால், குழந்தை, வீடு. காணிக்கையாகப் போடுவதற்கு. அக்கா கால்களைக் குடைந்தாள். கடைக்காரப் பையன் ஒரு காலை எடுத்துக் கொடுத்தான். "இது இடது காலுடா தம்பி, எனக்கு வலது முட்டி." அவன் சலிக்காமல் தேடினான். தகட்டில் இடது என்ன, வலது என்ன, திருப்பிப் பிடித்தால் ஆச்சு என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் அந்தத் தகட்டின் முட்டியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே வலிக்கிறது என்று காட்டுகிற மாதிரி. வாயை மூடிக்கொண்டேன்.

நான் பகிர்ந்த வீடியோக்காரர் லூத்தரை மேற்கோள் காட்டித்தான் பேசியிருந்தார். பிறகுதான் தேடிப் பார்த்தேன். அதே லூத்தர் 1521-இல் மரியாளின் பாடலுக்கு உருகி உருகி விளக்கவுரை எழுதியிருக்கிறார். இந்தப் பக்கமும் ஒன்று உண்டு. மற்ற மதத்தாரும் திரண்டு வருகிற வேளாங்கண்ணி சமயக் கலப்பாகிவிட்டதோ என்று முணுமுணுக்கிறவர்களுக்குப் பதில் போல, 2024 ஆகஸ்டில் வாடிகனிலிருந்து தஞ்சாவூர் ஆயருக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கே வருகிறவர்களின் பக்தியை அது மெச்சியே பேசியது. படித்தபோது எனக்குச் சந்தோஷம்தான். மோர் ஊற்றியவருக்கு அப்படி ஒரு கடிதம் தேவைப்படவில்லை என்பது வேறு.

மாலைத் திருப்பலிக்கு ஓரமாக இடம் கிடைத்தது. கர்த்தர் கற்பித்த ஜெபம் வந்தது. அவர்கள் "விண்ணுலகில்" என்று தொடங்க, என் வாய் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று தன் பாட்டில் போனது. பழக்கம். தீமையிலிருந்து காக்கக் கேட்கும் இடத்தில் மொத்தக் கூட்டமும் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று அந்த அமைதியில் என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. முன்னால் இருந்த காவிப் புடவைப் பாட்டி திரும்பிப் பார்த்தார். காது சுட்டது. சாமியார் ஒரு சின்ன மன்றாட்டைச் சொன்னார். அது முடிந்ததும் கூட்டம் முழுக்க அதே வரியைச் சொன்னது, சொற்கள் மட்டும் கொஞ்சம் வேறு. அக்கா தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல? நாங்களும் சொல்லுவோம்ல?" என்று காதோரம் சொன்னாள்.

நற்கருணைக்கு அவள் வரிசையில் போனாள். இந்த முறை முழங்காலைத் திருப்பி வழிவிட்டது நான்.

வெளியே வந்து மாதா குளத்துக்குப் போகிற மணல் பாதையில் முழங்காலால் நகர்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவளால் அது முடியாது, தகட்டைத்தான் போட்டிருந்தாள். அப்போதுதான் சொன்னேன்: "அக்கா, அந்த வீடியோ... நான் சரியாப் பாக்காம அனுப்பிட்டேன்."

"பாத்துட்டு அனுப்பியிருந்தா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பார்த்திருந்தாலும் அனுப்பியிருப்பேனோ என்னவோ. அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு சுண்டல் பொட்டலம் வாங்கச் சொன்னாள்.

நாகப்பட்டினத்தில் இறங்கும்போது, "அந்தக் குழுவுல என்னைத் திரும்பச் சேத்துவிடு, பேத்தி போட்டோ எல்லாம் பாக்க முடியல" என்றாள். நான் அட்மின் இல்லை. சித்தப்பா மகன்தான் அட்மின், அவன் பெந்தெகொஸ்தே சபைக்காரன். பேருந்தில் உட்கார்ந்து மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை. ஞாயிறு மாலை ஆராதனை முடிய இன்னும் நேரம் இருந்தது.