நான்காம் தடத்து நேரக் கணிப்பாளர்

மகள் படிக்கும் கொழும்புப் பாடசாலையின் இல்லங்களுக்கிடையிலான நீச்சற் போட்டிக்கு நேரக் கணிப்பாளர்கள் போதவில்லை என்று பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, நிறுத்தற் கடிகாரத்தின் பொத்தானை அழுத்துவதில் என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது என்றெண்ணியே பெயரைக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை வெள்ளவத்தையிலிருந்து போய்ச் சேர்ந்த எனக்கு, பிரதம நேரக் கணிப்பாளரின் விளக்கம் முடிவதற்குள்ளாகவே அந்தத் துணிவு போய்விட்டது.

ஒலியைக் கேட்டு அழுத்தக் கூடாது, தொடக்குநரின் கருவியில் மின்னும் ஒளியைக் கண்டே அழுத்த வேண்டும் என்பது அவர் சொன்ன முதல் விதி. சிறுவர்களுக்கான 25 மீட்டர்ப் போட்டியில் நாங்கள் நிற்பது எதிர்க்கரையில். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் வருவதால், அது எங்களை எட்டுவதற்குள் செக்கனின் நூறில் ஏழு பங்கு கழிந்துவிடும். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே அவ்வளவுகூட வித்தியாசம் இல்லாத போட்டிகளை அன்றே பார்த்தேன்.

முடிவில் வேறொரு பொறி இருக்கிறது. ஒளி திடீரென வருவதால் தொடக்கத்தில் விரல் சற்றுத் தாமதிக்கும். பிள்ளை நெருங்கி வருவதோ கண்ணுக்குத் தெரிவதால் கை சுவரைத் தொடுமுன்பே விரல் முந்திவிடப் பார்க்கும். ஆகவே கரையோரத்தில் குனிந்து, தலையைப் பாராமல் சுவரை மட்டுமே பார்க்கும்படி பணித்தார்கள். கால் நனையாமல் இதைச் செய்ய வழியில்லை. சப்பாத்துடன் போனது என் பிழை.

ஒரு தடத்துக்கு மூவர். இரு கடிகாரங்கள் ஒத்துப்போனால் அதுவே நேரம்; மூன்றும் வேறுபட்டால் நடுவிலுள்ளது. எனவே, தாளில் எழுதுமுன் அடுத்தவரிடம் "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்பது தடை. கேட்காமலிருப்பது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது.

ஏழாவதோ எட்டாவதோ போட்டியில் பதற்றத்தில் பொத்தானை இருமுறை அழுத்திவிட்டேன். கடிகாரம் ஓடவில்லை. அருகில் நின்றவரின் நேரத்தையே எழுதிவிடலாமா என்ற நினைப்பு வராமல் இல்லை; ஆனால் கையை உயர்த்தினேன். பிரதம கணிப்பாளர் ஒவ்வொரு போட்டியிலும் மேலதிகமாக இரு கடிகாரங்களை ஓடவிட்டுக்கொண்டு நிற்பது இதற்காகத்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. ஒரு வார்த்தையும் பேசாமல், ஓடிக்கொண்டிருந்த ஒன்றை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

மகளின் 50 மீட்டர் மார்பு நீச்சல் பதினொரு மணியளவில் நடந்தது. அவளுக்கும் நான்காம் தடமே விழுந்திருந்தபடியால், கேட்டு ஆறாம் தடத்துக்கு மாறிக்கொண்டேன். என் தடத்துப் பிள்ளை தொட்டதும் நேரத்தை எழுதி நிமிர்ந்தபோது, மகள் துவாயைப் போர்த்துக்கொண்டு தோழிகளிடம் போய்விட்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டது, "நான் திரும்பினது சரியா இருந்ததா அப்பா?" என்பதுதான். ஆறாம் தடத்துப் பிள்ளையின் நேரம் எனக்கு நூறில் ஒரு பங்குவரை நினைவிருந்தது. இவளுடையதை இவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.