தேரிக்காட்டில் 25 நிமிடம்

திருச்செந்தூரிலிருந்து காயாமொழிப் பக்கம் பைக்கை விட்டால், சிறிது நேரத்தில் மண்ணின் நிறம் மாறத் தொடங்கும். முதலில் வெளிறிய பழுப்பு, அப்புறம் செங்கல் நிறம், கடைசியில் குங்குமத்தைக் கொட்டிவைத்தது போன்ற சிவப்பு. அதுதான் குதிரைமொழித் தேரி. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வாரிக்கொண்டு வந்து குவித்த மணல் மேடுகள் இவை. துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருப்பதால்தான் இந்தச் சிவப்பு. மேடெங்கும் பனை, கொல்லாமரம் என்கிற முந்திரி, உடைமரம்.

முதல் தடவை போனது ஒரு பிற்பகல். எடுத்த படங்களை வீட்டில் திறந்து பார்த்தபோது வயிறு எரிந்தது. மணல் முழுவதும் ஒரே சிவப்புப் பூச்சு. வரிகளும் இல்லை, துகளும் தெரியவில்லை. எடுக்கும்போது கேமராவின் ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம், சரியாகத்தான் காட்டியது. ஆனால் நான் பார்த்தது மொத்த வெளிச்சத்துக்கான கோட்டை மட்டும். சிவப்புக்கான கோடு தனியாக, அளவு மீறி வலது ஓரத்தில் முட்டி உடைந்துபோயிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. சில படங்களில், நிறச் சாயலைத் தானாகவே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வேறு தன் வேலையைக் காட்டியிருந்தது. இவ்வளவு சிவப்பு இருக்க முடியாது என்று அதுவாகவே முடிவு செய்து, தேரியைச் சாதாரணச் செம்மண் காடாக ஆக்கிவிட்டது.

அதனால் இந்த மாசிக் கடைசியில் போனபோது, ஒயிட் பேலன்ஸை வெயிலுக்கு வைத்துப் பூட்டிவிட்டேன். மூன்று நிறங்களின் கோடுகளையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லி, சிவப்பு முட்டாதபடி வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) வரை குறைத்தே எடுத்தேன். தேரிக்குப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

விடியுமுன்பே ஒரு மேட்டின் அடிவாரத்தில் ட்ரைபாடை ஊன்றிவிட்டேன். மேட்டின் மேல் ஏறவில்லை. நம் காலடித் தடம் விழுந்துவிட்டால் அந்த இடம் அன்றைக்கு அவ்வளவுதான், காற்று வந்து அழித்தால்தான் உண்டு. ஆறரைக்குச் சற்று முன் கடல் பக்கமிருந்து சூரியன் எழுந்தது. அடிவானத்தில் உப்புப் புகை மாதிரி ஒரு மூட்டம் இருந்ததால், முதல் சில நிமிடங்கள் வெளிச்சம் மணலைத் தொட்டும் தொடாமலும் கிடந்தது. மூட்டம் விலகியதும் மணல் வரிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒரு விரற்கடை உயரம்கூட இல்லாத வரிகள்தாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் கருநீலம். ஒரு வண்டு நடந்து போன தடம் தையல் போட்டதுபோல மேட்டின் குறுக்கே ஓடியது.

வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிக் கேட்டு, பொன்னொளி, அதாவது சூரியன் தாழ இருக்கும்போது விழும் அந்த மென்மையான வெளிச்சம், ஒரு மணி நேரம் இருக்கும் என்று நம்பியிருந்த ஆள் நான். அது வடக்கே தள்ளியிருக்கும் நாடுகளின் கணக்கு. அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறும். நாம் இருப்பது 8½ பாகை அட்சரேகையில். இங்கே கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறிவிடும். அடிவானத்திலிருந்து 6 பாகை உயர 25 நிமிடம்தான். அந்த நேரத்தில் 15 மீட்டர் பனையின் நிழல் 140 மீட்டருக்கு மேல் நீளும்; ஒன்பதரை மணிக்கு அதே நிழல் பனையின் உயரத்துக்குச் சுருங்கிவிடும். ஆகவே எங்கே நிற்பது, எதை எடுப்பது என்பதை முந்தின நாள் மாலையே நடந்து பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். விடிந்த பிறகு இடம் தேடினால் ஓடிக்கொண்டுதான் இருப்போம்.

வானம் வேண்டுமென்றால் வடக்கோ தெற்கோ திரும்ப வேண்டும். சூரியனுக்கு நேர் பக்கவாட்டில்தான் லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் கண்ணாடி வானத்தின் நீலத்தை ஆழமாக்கும். அகல லென்ஸில் மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள், வானத்தின் நடுவில் திட்டாகக் கருத்துவிடும்.

ஏழு மணிக்கு மூட்டை கட்டியிருப்பேன். நல்லவேளை, கலயத்தோடு வந்த ஒரு பனையேறி நிறுத்தினார்.

"வெறும் மண்ணப் போயி படம் பிடிக்கியளே, தம்பி. சித்த இருங்க, பதனி குடிச்சிட்டுப் போலாம்."

"சரி அண்ணாச்சி" என்று உட்கார்ந்தேன். அவர் தளைநாரைக் காலில் மாட்டி, முருக்குத்தடியைச் சாய்த்து வைத்து ஏறி இறங்குவதற்குள் மணி எட்டு ஆகிவிட்டது. பொன்னொளி போய் வெகு நேரம். பனையோலைப் பட்டையில் பதனியை ஊற்றி நீட்டியபோதுதான் பார்த்தேன். அவர் நின்றது கொல்லாமர நிழலில். ஆனால் முகம் இருட்டாக இல்லை. சுற்றிலும் வெயிலில் கிடந்த மணல், வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. தாடைக்கு அடியில், புருவத்துக்குக் கீழே, வெள்ளை பனியனின் மடிப்புகளில் எல்லாம் செம்பு நிறம். ஸ்டூடியோவில் இரண்டு விளக்கு வைத்தாலும் இந்த மென்மை வராது.

ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, முகத்தைத் துடைத்துவிட்டு, திரும்பக் கட்டிக்கொண்டு நின்றார். திரையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம மண்ணு நெறம் அப்படியே மூஞ்சில விழுந்திருக்கு பாருங்க" என்றார். இரண்டாவது பட்டை பதனிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.