மூன்று முறை கழற்றிய பெட்டி

விமானப் பராமரிப்பு வேலையில், ஒரே ரேடியோ ஆல்டிமீட்டரை (தரையிலிருந்து விமானத்தின் உயரத்தை அளக்கும் பெட்டி) மூன்று முறை கழற்றியிருக்கிறேன். முதல் இரண்டு முறை அது அதே பெட்டி என்று எனக்குத் தெரியாது.

இறங்கும்போது உயரம் தாவுகிறது என்று டெக் லாக்கில் (விமானத்தின் குறைகளை எழுதும் பதிவேடு) பைலட் எழுதுவார். தரையில் சோதித்தால் சமர்த்தாக வேலை செய்யும். மாற்றிவிட்டு, பெட்டியோடு கட்டும் டேக்கில் 'பழுது' என்று மட்டும் எழுதி ஒர்க்ஷாப்புக்கு அனுப்பினேன். தப்பு என்னுடையதும்தான். அவர்கள் அறை வெப்பத்தில் மேசைமேல் ஓட்டிப் பார்த்து, 'குறை காணப்படவில்லை' என்று தாள் வைத்து ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து அது வேறொரு விமானத்தில் ஏறியது. அங்கும் அதே புகார்.

மூன்றாம் முறை ஏதோ உறுத்தவே பழைய பதிவுகளைப் புரட்டினேன். அதே சீரியல் நம்பர்!

சூப்பர்வைசர், "ஒர்க்ஷாப்காரன் கையெழுத்துப் போட்டிருக்கான், உனக்கெதுக்கு வம்பு?" என்றார். 2009-ல் ஆம்ஸ்டர்டாம் அருகே ஒரு போயிங் 737 விமானம் விழுந்து 9 பேர் இறந்தார்கள். இடப்பக்க ரேடியோ ஆல்டிமீட்டர் மைனஸ் 8 அடி காட்ட, எஞ்சினைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ராட்டில் அதன் வேகத்தைக் குறைத்துவிட்டது. அந்த விமானத்தில் அதே கோளாறு முன்பும் வந்திருந்தது. இதைச் சொன்னதும் அவர் பேச்சை மாற்றினார்.

பாதுகாப்பு அறிக்கை எழுதினேன். முதல் தடவை திரும்பி வந்தது: நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) போடாமல் உள்ளூர் நேரத்தில் போட்டிருந்தேனாம். நான்கு நாள் போச்சு. அப்புறம் முதல் இரண்டு டேக்கின் நகல் கேட்டார்கள். ஸ்டோரில் கிழித்துப் போட்டிருந்தார்கள். நல்லவேளை, பெட்டியில் சீரியல் நம்பர் இருக்கும் பெயர்ப்பலகையைப் போனில் படம் எடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. தேதியோடு மூன்று படமும் இருந்தன.

இதற்கிடையில் பெட்டியை நிறுத்தி வைக்கச் சொன்னால், அறிக்கை எண் வேண்டும் என்றார் ஸ்டோர்காரர். படிவம் முழுமையானால்தான் எண் தருவோம் என்றது அலுவலகம். கடைசியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் போய் நின்றேன். ஒரே ஒரு போன்தான். பத்து நிமிடத்தில் பெட்டி பூட்டிய அலமாரிக்குள் போனது. முதலிலேயே அங்கே போயிருக்கலாம்.

டேக்கில் இந்த முறை பைலட் எழுதியதை அப்படியே இறக்கினேன்: எந்த உயரத்தில், எத்தனை மணி நேரம் பறந்த பிறகு, எத்தனை நொடி. அதைப் படித்துவிட்டுத்தான் ஒர்க்ஷாப்பில் குளிரூட்டிச் சோதித்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சால்டரிங்கில் மயிரிழை விரிசல்.

பதில் கடிதம் வந்தது. அதில் போட்டிருந்தது உள்ளூர் நேரம்.