கிரயத்துக்கு முன்னாடி ஒரு பாட்டில் சொட்டு நீலம்

நவம்பர் 2, 2025, ஞாயிறு

நாங்க வாங்கப்போற சேலம் அஸ்தம்பட்டி பக்கத்து ரெண்டாவது மாடி வீட்ட இன்னைக்கு மறுபடி போய் பாத்தோம். மொத தடவ போனப்ப பால்கனில இருந்து ஏற்காடு மலை தெரியுதுன்னு நானும் அவரும் மயங்கி நின்னதோட சரி, ஒரு குழாயக்கூட தொறந்து பாக்கல, ஆனா அட்வான்ஸ் ரெண்டு லட்சம் மட்டும் டக்குனு குடுத்துட்டோம். 1996ல கட்டுன பில்டிங். இந்த தடவ பெரியப்பாவையும் கூட்டிட்டு போனேன், முப்பது வருஷம் மேஸ்திரியா இருந்தவரு.

அவரு மலைய எல்லாம் பாக்கல. கோலிகுண்ட பாத்ரூம் தரைல விட்டாரு, அது தண்ணி போற ஓட்டைக்கு போகாம கதவுப்பக்கம் உருண்டு வந்துச்சு. அஞ்சு ரூபா காயின வெச்சு டைல்ஸ தட்டுனா நாலஞ்சு எடத்துல கொடகொடன்னு காலி சத்தம். அப்புறம் அண்ணாந்து பாத்தாரு. "ஏங்கண்ணு, வீடு பூரா பழைய பெயிண்டு, பாத்ரூம் சீலிங்குக்கு மட்டும் ஏன் புதுசு?"

"அழுக்கா இருந்துச்சுங்க" அப்படின்னாரு ஓனர். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, மேல் வீட்டுல இருந்து லேசா ஓதம் வரும், சொல்லி சொல்லி பாத்துட்டேன் அந்தம்மா மதிக்கவே மாட்டேங்குதுன்னு ஆரம்பிச்சாரு.

நவம்பர் 5, புதன்

வக்கீல பாத்தோம். 30 வருஷ வில்லங்கம் போட்டாச்சு. யூடிஎஸ், அதாவது நெலத்துல நம்ம பங்கு, 410 சதுரடி, ஓகே. ஆனா 2011ல ஓனர் லோனுக்கு பத்திரத்த வெச்ச என்ட்ரி அப்படியே நிக்குது, கடன் முடிஞ்சாலும், அது முடிஞ்சுதுன்னு காட்டுற ரசீது பத்திரம் பதியாம விட்டுட்டாரு. அத முடிச்சாதான் கிரயம்னு வக்கீல் கறாரா சொல்லிட்டாரு. முத்திரைத்தாள் 7, பதிவுக்கட்டணம் 2, மொத்தம் 9 பெர்சன்ட், இது தனி வயித்தெரிச்சல்.

நவம்பர் 9, ஞாயிறு

மேல் வீட்டுக்கு போனோம். தண்ணி கீழ எறங்குதான்னு கண்டுபிடிக்க, முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்டு பாத்ரூம்ல நீலம் ஊத்தணும்னு வெறுங்கையோட எப்படி கேக்கறது, அதனால ஒரு பாக்கெட் தட்டுவடை வாங்கிட்டு போனேன். அந்தக்கா சொன்னத கேட்டு எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. "அஞ்சு வருஷமா கீழருந்து ஒரு ஆளும் வந்து சொல்லலியேங்க, நீங்கதான் மொதல்ல வர்றீங்க." யாரு பொய் சொல்றாங்கன்னு நான் கேக்கல, பெரியப்பா மூஞ்சிய மட்டும் பாத்தேன்.

பத்தரைக்கு நஹானி ட்ராப்ல, அதான் தரைல தண்ணி போற ஓட்டைல, துணிய அடைச்சு, ஒரு இஞ்ச் தண்ணி நிறுத்தி, பாதி பாட்டில் சொட்டு நீலத்த கலக்கி விட்டோம். பன்னெண்டு வரைக்கும் ஒண்ணுமில்ல. ஓனர் ஜாலியா போன் பேசிட்டு இருந்தாரு. ஒண்ணேகால் மணிக்கு அந்த புது வெள்ள பெயிண்ட்ல, சட்டப் பாக்கெட்ல பேனா கசிஞ்ச மாதிரி, நீலமா ஒரு வட்டம். ஓனர் போன கட் பண்ணிட்டாரு.

நவம்பர் 16, ஞாயிறு

மேல தரைய ஒடச்சு பாத்தா ட்ராப் ஜாயிண்ட்டே விட்டுருக்கு, பாத்ரூமுக்குன்னு பள்ளமா எறக்கி போட்ட சங்கன் ஸ்லாப் முழுக்க தண்ணி ஊறி கிடக்கு. கீழ நம்ம பக்கம் பூச்ச கொத்துனா கம்பி துருப்பிடிச்சிருக்கு, நல்லவேளை மேலாக்கதான், தேச்சு பெயிண்ட் அடிச்சு பூசிடலாம்னாரு பெரியப்பா. மொத்தம் 42,000. பாதி அந்தக்கா, மீதிய ஓனர் விலைல கொறைக்கணும், முனகிட்டே ஒத்துகிட்டாரு.

எலக்ட்ரீஷியன் வந்து, கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற ஈஎல்சிபியோட டெஸ்ட் பட்டன அமுக்குனாரு, ட்ரிப்பே ஆகல. கிச்சன்ல எர்த்தும் இல்ல. இது எங்க செலவுதான், வேற வழி?

நவம்பர் 23, ஞாயிறு

நேத்து மறுபடி நீலம் ஊத்தி ராத்திரி பூரா விட்டோம், சீலிங் காஞ்சே இருக்கு. ரசீது பத்திர காப்பியும் வந்துருச்சு. ஹால்ல ஃபேன காணோம், கொக்கி மட்டும் தொங்குது, அக்ரிமெண்ட்ல நாலு ஃபேன்னு எழுதிருக்கு. "பையன் தெரியாம கழட்டிட்டானுங்க" ன்னாரு. ஈபி மீட்டர் ரீடிங்க போட்டோ எடுத்துகிட்டேன்.

நாளைக்கு திங்கள், ராகு காலம் ஒம்போதுக்கு முடியுது, பத்திர ஆபீஸ்ல எங்க டோக்கன் பதினோரு மணி.

இப்பதான் மேல் வீட்டக்கா போன் பண்ணாங்க, "ஏங்க, இனி அந்த பாத்ரூம்ல குளிக்கலாங்களா?"